காலில் இருக்க வேண்டிய கண்

ஆட்டம் இருக்கும் நாள்களில் அம்பயர் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது லிஃப்ட்காரர்தான். தன்னுடையது ஒன்று, மாடியில் குடியிருக்கும் மைத்துனனுடையது ஒன்று. மைத்துனனுடையதில் மடிப்பு ஒரு நூல் கோணினால் அதை அவர் திருத்துவதில்லை.

"இஸ்திரிப் பெட்டி எதுக்குங்க, உங்க வயித்தெரிச்சல்லயே தேச்சுடலாமே," என்றாள் மனைவி.

"உன் தம்பிக்கு சந்தோஷமாத்தான் தேய்க்கிறேன்."

"மூஞ்சியிலயே தெரியுது."

வார நாள்களில் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். ஞாயிறானால் பேஸ்பால் அம்பயர். அந்த மைதானத்துக்கு முதலில் போனவர் அவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மைத்துனன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன். ஒட்டிக்கொண்டவன் சும்மா இருந்தானா? பந்து வீசும் பிட்சர்களின் தில்லுமுல்லுகளை அவருக்கு முன்னால் கண்டுபிடித்தான்.

ஓடுபவன் தொட்டு நிற்க வேண்டிய தளம்தான் பேஸ். முதல் பேஸில் இருக்கும் ரன்னர், அடுத்த பேஸுக்கு ஓடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். பிட்சர் சட்டென்று முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவனை அவுட்டாக்கலாம். ஆனால் முன்கால் அந்த பேஸை நோக்கியே இறங்க வேண்டும். பேட்ஸ்மேனுக்கு வீசப்போவதுபோல் உடம்பை அசைத்துவிட்டு இங்கே எறிந்தால் அது பால்க். ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். இடக்கைப் பிட்சர் முதல் பேஸைப் பார்த்தே நிற்பதால், தூக்கிய கால் எங்கே இறங்கும் என்பது கடைசி நொடிவரை தெரியாது. காலை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது.

முதல் பேஸ் ஓரத்திலேயே நிற்பவர் லிஃப்ட்காரர். ஆனாலும் பேட்ஸ்மேனுக்குப் பின்னாலிருந்து மைத்துனனின் "பால்க்" முந்திக்கொண்டு வரும். "கண்ணாடி விக்கிறவருக்குக் கண்ணு சுத்தம்ப்பா," என்று சங்கச் செயலாளர் சிரிப்பார். இவரும் சிரித்துவைப்பார்.

அன்று அரையிறுதி. இறுதி ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்குப் பின்னால், தலைமை அம்பயராக யார் நிற்பது என்பதை அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் செயலாளர் முடிவு செய்வார். அந்த இடத்தில் லிஃப்ட்காரர் ஒரு வருடம்கூட நின்றதில்லை.

கடைசிக் கட்டம், சமநிலை. இடக்கைப் பிட்சர் காலைத் தூக்கி நிறுத்தினான். லிஃப்ட்காரர் அந்தக் காலைப் பார்க்கவில்லை. மைத்துனனைப் பார்த்தார். அவன் மூச்சை இழுப்பது தெரிந்தது. கத்தப் போகிறான் என்று நினைத்து இவர் முந்திக்கொண்டார்:

"பால்க்!"

கால் இன்னும் அந்தரத்தில் இருந்தது. பிறகுதான் முதல் பேஸை நோக்கி நூல் பிடித்ததுபோல் இறங்கியது. பந்து போனது. ரன்னர் பேஸைத் தொட ஒரு கை தூரம் இருக்கும்போதே மாட்டியிருந்தான்.

பிட்சருடைய அணியின் பயிற்சியாளர் ஓடி வந்தார். "கால் தரையில படவே இல்ல, அதுக்குள்ள என்னங்க பால்க்? தலைமை அம்பயரைக் கேளுங்க."

மைத்துனன் முகமூடியைக் கழற்றினான். லிஃப்ட்காரரை ஒரு முறை பார்த்தான்.

"நானும் பார்த்தேன். தோள் பேட்ஸ்மேன் பக்கம் அசைஞ்சது. பால்க்தான்."

ரன்னர் இரண்டாம் பேஸுக்குப் போனான். அடுத்த அடியிலேயே ஓடி வந்து ஆட்டத்தை முடித்தான். செயலாளர் லிஃப்ட்காரரின் முதுகில் தட்டினார். "இன்னிக்கு மச்சானையே முந்திட்டீங்க. இறுதி ஆட்டத்துக்கு நீங்கதான் தலைமை."

வீட்டில் மனைவி அவருக்கும் தம்பிக்கும் பரிமாறினாள். "அப்புறம் என்ன, சிரிக்கலாமே," என்றாள். லிஃப்ட்காரர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"தோள் அசைஞ்சதாடா?"

"சாப்பிடுங்க அத்தான்."

"அசைஞ்சதான்னு கேட்டேன்."

மைத்துனன் எழுந்து குழாயடியில் கை கழுவினான். "முடிஞ்ச ஆட்டம் அத்தான். விடுங்க."

"எனக்குப் பிச்சை போட்டியா?"

அவன் குழாயை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டான். அக்காவிடம் மட்டும், "வரேன்," என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.