மச்சான் முடிக்காத ஆட்டம்

இப்பல்லாம் துக்கத்துக்கு வருகிறவன்கூட ஒரு கையால் மாலையைப் போட்டுவிட்டு மறுகையால் செல்லைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். இவங்களுக்குப் பேயே எதிரில் வந்து நின்றாலும் தெரியாது. நான் நாலாங்கிளாஸைத் தாண்டாதவன். கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கதை கட்டத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

போன சித்திரையில் என் தங்கச்சி ரத்தினம்மாளின் புருஷன் சுப்பராயலு சிதம்பரத்தில் செத்துப்போனார். காலேஜ் லேப்பில் மைக்ராஸ்கோப் கண்ணாடி கழுவிய ஆள். ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு ஒரே வேலை, செல்லில் ஒரு ஆட்டம். திரையில் ஒரு சொட்டுத் தண்ணி தெரியும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பெரிசாக்கிக் காட்டும். முடி முளைத்த அவரைவிதை மாதிரி நெளியும். ஒவ்வொன்றையும் விரலால் தள்ளி, நடுவில் இருக்கிற பெரிசைச் சுற்றி வட்டமாக அடைக்கணும். ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று விலகும். அதான் புதிர். வட்டத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதைத் தள்ளும்போதே, விரல் திரையில் இருக்க, மச்சானுக்கு உயிர் போய்விட்டது.

கருமாதிக்கு முன்னால் போயிருந்தேன். கூடத்தில் அவர் செத்த இடத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணி. கருமாதி முடிகிறவரை செத்தவர் தாகத்துக்கு வந்து குடிப்பார் என்று வைப்போமே, அது. அந்தச் செல்லையும் ரத்தினம் அங்கேயே வைத்திருந்தாள்.

"அண்ணே, மத்தியானம் ஆனா தண்ணி கொறையுது. செல்லு தானா எரியுது. அவரு இந்த ஆட்டத்த முடிக்காம போவ மாட்டாரு போலருக்கு."

"சித்திரை வெயில்ல தண்ணி கொறையாம பொங்குமா?"

"வெளாட்டு இல்லண்ணே. அவரு போவாம இங்கயே நின்னுட்டா, நான் ஒண்டியா இந்த வூட்ல எப்புடிப் படுப்பேன்?"

அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ போய்ப் பூ சொல்லிட்டு வா. எந்த எலி குடிக்குதுன்னு நான் பாக்குறேன்."

அவள் கீழவீதிக்குப் போனாள். நான் கதவைத் தாழ்போட்டேன். சொம்பைக் கழுத்து வரைக்கும் ரொப்பினேன். நாற்காலியை எதிரில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

மூணு மணி இருக்கும். கரண்ட் போனது. ஃபேன் கிறீச்சென்று சுற்றி நின்றது.

செல் எரிந்தது.

எவனோ போன் பண்ணுகிறான் என்று பார்த்தேன். இல்லை. அந்தச் சொட்டு. அந்த வட்டம். வெளியே ஒற்றைப் பூச்சி. அது நகர்ந்தது... அதற்குப் பின்னால் திரையில் ஈரமாக ஒரு விரல் தடம் இழுபட்டது.

களுக்.

திரும்பிப் பார்த்தேன். சொம்பில் தண்ணி ஒரு விரக்கடை இறங்கியிருந்தது. எலி இல்லை. விளக்குச் சுடர்கூட ஆடவில்லை.

பூச்சி வழுக்கி வெளியே வந்தது. மறுபடி தடம்...

களுக்.

செல்லை அமுக்கி அணைத்தேன். எரிந்தது. மறுபடி அணைத்தேன். எரிந்தது.

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். சொம்பைத் தூக்கினேன். மிச்சத் தண்ணியை மடமடவென்று நானே குடித்தேன்.

"இப்ப எதக் குடிப்ப?"

தண்ணி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வாயில் வைத்திருந்த மாதிரி.

திரையில் எல்லாப் பூச்சியும் நின்றது.

பிறகு திரும்பின. என் பக்கம்.

எழுந்து அந்தப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் திரும்பின.

ஒற்றைப் பூச்சியைக் காணோம்.

என் தொண்டையில் ஏதோ நகர்ந்தது...

இறங்கியது...

நின்றது.

ரத்தினம் கதவைத் தட்டியபோது செல் அணைந்து கிடந்தது. அதோடு சரி. தண்ணி குறையவில்லை, செல் எரியவில்லை. கருமாதி நல்லபடியாக முடிந்தது. "அவரு போயிட்டாருண்ணே, இப்ப நல்லாத் தூங்குறேன்" என்றாள். நான் குடித்ததைச் சொல்லவில்லை. எலிதான் என்று சொல்லிவிட்டுக் கடலூர் வந்துவிட்டேன்.

ஆடியில் வயிறு சரியில்லை. இங்கே ஒரு லேப்பில் டெஸ்டுக்குக் கொடுத்தேன். மறுவாரமும் கொடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு டெஸ்ட் பண்ணுகிற பொண்ணு மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை.

"பெரியவரே, கொளத்துத் தண்ணி எதுனா குடிச்சீங்களா?"

"ஏன்?"

"பூச்சி இருக்கு. இருக்கும், அது பரவால்ல. ஆனா இப்புடி நின்னு நான் பாத்ததே இல்ல. நீங்களே பாருங்க."

பார்த்தேன்.

முடி முளைத்த அவரைவிதைகள். நடுவில் பெரிசு ஒன்று. சுற்றி வட்டம்.

"போன வாரம் பாதி வட்டந்தான் இருந்துச்சு" என்றாள். "இப்ப ஒரு எடந்தான் பாக்கி."

"கண்ணாடியச் சரியாக் கழுவும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. படித்தவர்கள் எதையாவது காட்டிப் பயமுறுத்துவார்கள்.

வெளியே நல்ல வெயில். மூணு மணி இருக்கும்.

வயிற்றுக்குள் களுக் என்றது.

பசி. வேறென்ன. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.