தகரத்தில் வெட்டிய மீன்

மாரியூர் கரையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதி, முகப்பில் படம் வரைவது என் தொழில். முதலில் ஒவ்வொன்றுக்கும் வேறு படம் வரைந்தேன். வேலை குவிந்ததும், தகரத்தில் ஒரு மீனை வெட்டி வைத்துக்கொண்டு எல்லா வள்ளத்திலும் அதையே பதித்தேன். பார்த்தவர்கள் அழகு என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

புயல் அடித்த மூன்றாம் நாள் முனியாண்டி ஓர் உடைந்த பலகையைச் சுமந்து வந்தார். வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போன அவர் மகன் திரும்பியிருக்கவில்லை. பலகையில் பெயர் இல்லை. என் மீன் மட்டும் இருந்தது.

"நீங்க வரைஞ்சதுதானண்ணே. எம்மகன் போன வள்ளமான்னு சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் ஒரே அச்சுய்யா. எப்படிச் சொல்ல?"

"நல்லாப் பாருங்க. கை வச்ச ஆளுக்குத் தெரியாமலா போகும்?"

வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே செதில், அதே வால். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகனுக்கும் அந்த வயதுதான். அவன் வீட்டில் பத்திரமாக இருந்தான்.

"தெரியலய்யா" என்றேன்.

"சரிண்ணே, அடுத்த ஊருல கேட்டுட்டு வாரேன்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு தகப்பனுக்கு ஆம், இல்லை என்று சொல்லக்கூட முடியாதவனாக என்னை ஆக்கிக்கொண்டது நானேதான்.