தங்கை சொன்ன ‘டீல்’

தாமல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனை என் தங்கை விரும்பினாள். வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் காஞ்சிபுரத்தில் தலைமுறையாகத் தறி நெய்கிறவர்கள். அப்பா இன்றும் நெய்கிறார். வேறு சாதியில் சம்பந்தம் என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும்.

“நான் பேச்சை ஆரம்பிக்கிறேன். அப்பா கத்தினா, ‘எனக்கு அந்தப் பையனைத் தெரியும், நல்ல பையன்’னு நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா. அது போதும்” என்றாள் தங்கை. சொல்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாழ்க்கைப்பட்ட செவிலிமேட்டிலிருந்து அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் சொல்லிவிட்டாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் வாய் வந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு இது தெரியுமாம்மா?”

அவர் காட்டிய மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவள் நான். ‘பெரியவளைப் பாத்துக் கத்துக்கோ’ என்று சொல்லிச் சொல்லியே தங்கையை வளர்த்தார். அந்த நல்ல பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

“தெரியாதுப்பா” என்றேன்.

தங்கை என்னையே பார்த்தாள். “இப்படி டீல்ல உட்டுட்டியேக்கா.”

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். “டீலா? இன்னா டீல்? எங்களுக்குத் தெரியாம அவங்க வூட்டாண்ட எல்லாம் பேசி முடிச்சிட்டியா?”

“ஐயோ, அந்த டீல் இல்லப்பா...”

“பேரம் முடிச்சிட்டு வந்து எங்கிட்ட சொல்லிக்கினு இருக்கிற!”

அவள் சொன்னது பேரத்தை அல்ல, கைவிட்டதை என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கினால், யார் கைவிட்டது என்று அவர் கேட்பார். வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரமே தங்கை ஒரு பையோடு கிளம்பினாள். தாமலில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை.

அதன்பிறகு அந்த வார்த்தை எங்கே கேட்டாலும் என் காது அதிலேயே நின்றது. நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுப் பையன் போனில் “டீல் ஓகே” என்பான். அது பேரம். டிரைவர் யாரையோ “அவனை நான் டீல் பண்ணிக்கிறேன்” என்பார். அது மிரட்டல். இரண்டும் இங்கிலீஷ். கைவிடுவதற்கு எப்படி அந்தப் பெயர் வந்தது? வீட்டில் உருது பேசும் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அது இங்கிலீஷ் இல்லமா. எங்க பேச்சுல தளர்த்தி உடறதுக்கு டீல்னு சொல்லுவோம். காத்தாடி உடறப்ப ‘நூலை டீல் உடு’ன்னு பசங்க கத்துவாங்க இல்ல, அதான்.”

ஆற்காட்டு நவாபு காலத்தில் வந்த சொல்லாக இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. வார்த்தைக்கு வேர் தேடியதுகூடத் தங்கைக்குப் போன் செய்யாமலிருக்க நான் கண்டுபிடித்த ஒரு வேலைதான்.

ஆடி மாதம் ஒரு நாள், தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் நின்றேன்.

“அவ அன்னிக்குச் சொன்னது பேரம் இல்லப்பா. நான் கைவிட்டுட்டேன்னு சொன்னா. எனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். உன்கிட்ட பொய் சொன்னேன்.”

அப்பா கையிலிருந்த, இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

“அவ சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுதும்மா. நானும் இந்தத் தெருவுல காத்தாடி உட்டவன்தான்.”

“அப்புறம் ஏன்பா அப்படிக் கத்தினே?”

“இன்னும் ரெண்டு வார்த்தை அவ பேசியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன். சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயம். கத்தறதுக்கு ஒரு சாக்கு வேணும். அந்த வார்த்தை ஆப்டுச்சு.”

எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவருக்கும் என்னைத் திட்டத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறித் தாமலுக்குப் போனோம். தங்கைதான் கதவைத் திறந்தாள். அப்பாவைக் கண்டதும் கண் கலங்கி, “வாப்பா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வாங்கக்கா. உக்காருங்க.”

பேச ஆரம்பித்த நாள் முதல் அவள் என்னை ‘நீ’ என்றுதான் அழைத்திருக்கிறாள். அப்பா அவள் மாமியாரிடம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் பின்னால் சமையலறைக்குப் போய், “அன்னிக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“சர்க்கரை சரியா இருக்குதான்னு பாருங்க” என்று காபி டம்ளரை என்னிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் இல்லை.

இப்போது வாராவாரம் போனில் பேசுகிறோம். என் குழந்தைகளை விசாரிக்கிறாள், முட்டிவலி எப்படி என்று கேட்கிறாள். ‘நீங்க’ மட்டும் மாறவில்லை. ‘நீ’ என்று கூப்பிடு என எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.