குழந்தையைத் தந்துவிட்டுப் போனவள்

பொறியியல் டிப்ளோமாப் பரீட்சைக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருந்தேன். அன்று பாய்மவியல் பேப்பர், நீரும் காற்றும் ஓடும் விதத்தைப் பற்றியது. இரவிரவாகப் படித்தும் அவளுக்குப் பயம் தீராத பாடம். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, மாமாங்கப் பிள்ளையாரை நினைத்தபடி வாசலில் நின்றேன்.

பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டி, "குழாய் ஒடுங்கினா வேகம் கூடும், அமுக்கம் குறையும்" என்று தாலாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, பிள்ளையப் பாக்க மாமி கரடியனாற்றில இருந்து வாற பஸ் இன்னும் வரல்ல. பிள்ளையக் கொஞ்சம் வச்சிருக்கிறீங்களா? நானும் சோதினை எழுத வேணும்."

நான் ஓம் என்பதற்குள் குழந்தையும் பால்போத்தலும் என் கையில் இருந்தன.

மாமி வரவில்லை. குழந்தை போத்தலைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதது. காவலாளி ஓடி வந்தார்.

"தாயைக் கூப்பிடட்டா?"

"வெளிய வந்தா திரும்ப உள்ள விடுவீங்களா தம்பி?"

"விட ஏலாது."

"அப்ப கூப்பிடாதீங்க."

மர நிழலில் நடந்து நடந்து தேவாரம் பாடினேன். ஒருபடியாகத் தூங்கியது.

பரீட்சை முடிந்து வந்த தாய் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள்.

"அழுதது கேட்டதா தங்கச்சி?"

"கேட்டது. நீங்க வச்சிருக்கிறீங்கதானே எண்டு கணக்கைச் செய்தன்."

பெயர்கூடக் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

எல்லாவற்றையும் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று தினமும் சொல்கிறவள் நான். ஆனாலும் அன்று மகள் வெளியே வரும்வரை என் நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத என்னிடம் பிள்ளையைத் தந்துவிட்டு, அவளால் எப்படி அமைதியாக இருந்து எழுத முடிந்தது?