சிவப்பு வைத்த அட்டைகள்

பார்சல் வந்தது ஒரு புதன்கிழமை. எனக்குப் புதன்கிழமையே ஆகாது. ஈப்போவில் எங்கள் ராணுவக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள திடலில் அன்று காலை ஒன்பது மணிக்குச் சுடும் பயிற்சி ஆரம்பித்துவிடும். மற்ற வீட்டுப் பெண்கள் அந்தச் சத்தத்திலேயே துணி காயப்போடுவார்கள், பிள்ளையைத் தூங்க வைப்பார்கள். நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரேடியோவைப் பெரிதாக வைப்பேன். பதினேழு வருடமாக இப்படித்தான். "பட்டாளத்தான் பொண்டாட்டிக்கு வெடிச் சத்தம் ஆகாதாம்லா" என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஏன் ஆகாது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கேட்டில் காவலுக்கு இருந்த மலாய்க் கார்ப்பரல் போன் செய்தார். "காக், ஆடா பார்சல். பெராட்லா!" அக்கா, பார்சல் வந்திருக்கிறது, கனமாக இருக்கிறதாம். போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். நடக்க நடக்க உள்ளே ஏதோ சலசலவென்று உருண்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

அனுப்பியவன் என் தம்பி. அப்பா இறந்து அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். ஞாயிற்றுக்கிழமை கருமாதி. சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் அவர் கடைசிவரை இருந்த லயத்து வீட்டைக் காலி செய்து தரச் சொல்லியிருந்தார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தவர்கள், இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்களாம்.

பெட்டிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் பித்தளைத் தோட்டாக் கூடுகள், பால் டின் நிறைய ஈயக் குண்டுகள், கம்பளியில் வெட்டிய வட்டங்கள், கைப்பிடி வைத்த ஒரு சின்ன இரும்புக் கருவி. அப்பா தோட்டா அடைக்கிற சாமான்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், அறிவு இருக்காடா ஒனக்கு? நான் எங்க குடியிருக்கேன்னு தெரியுமில்ல?"

"அப்பா ஆஸ்பத்திரில இருக்கறப்பவே சொன்னாருக்கா. அந்த டின்ன அக்காவுக்குக் குடுத்துருன்னு. என்னா சாமான்னே எனக்குத் தெரியாது. கனமா இருந்துச்சு, கொரியர்ல போட்டுட்டேன்லா."

மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் டின்னைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கியோடு குப்பை கொட்டுகிற மனிதர், சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பென்ஷனுக்கு ஏழு மாசம் இருக்கு. ஏழே மாசம்."

"காலிக் கூடுதாங்க. மருந்து ஒண்ணும் இல்ல."

"காலியோ ரொம்புனதோ, லைசன்ஸ் இல்லாம குவார்ட்டர்ஸ்ல வச்சிருந்தேன்னா என் கத முடிஞ்சுச்சு. ஆபீஸர்கிட்டச் சொல்லிட்டு நாலு மணிக்கு வாரேன். நேரா போலீஸ் பாலாய்ல கொண்டுபோய் ஒப்படைச்சிருவோம். ஒண்ணையும் தொடாத."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக அவருக்கு என்ன பயம்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கனம் இருந்தது என் மடியில். அவர் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு டின்னின் முன்னால் உட்கார்ந்தேன்.

அப்பா எஸ்டேட் ஜாகாவாக இருந்தவர். காவல் வேலை. பன்றி, குரங்கு, மரத்தில் காய்ந்த ரப்பரான ஒட்டுப்பாலைத் திருடுகிறவர்கள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆபீஸில் ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். கடைத் தோட்டா எண்ணித்தான் வரும். அது போதாமல், சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து அப்பா வீட்டிலேயே அடைப்பார். இரண்டு வகை. பன்றிக்கு ஈயம் போட்டது. திருட வருகிறவனை விரட்ட உப்புக்கல் போட்டது. உப்பு பட்டால் எரியும், ஓடிவிடுவான், அவ்வளவுதான். இரண்டுக்கும் வாயை வட்ட அட்டை வைத்து மெழுகால் அடைப்பார். அடைத்த பிறகு எது எது என்று தெரிய வேண்டுமே, ஈயத் தோட்டாவின் அட்டையில் சிவப்பு கிரேயானால் குறி போடுவது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் தேசியக் கொடி வரையச் சொல்லியிருந்தார்கள். அத்தனை சிவப்புக் கோட்டையும் அழுத்தி அழுத்தித் தீட்டியதில் கிரேயான் நகத்தளவுதான் மிஞ்சியது. அப்பா பன்னிரண்டு ஈயத் தோட்டாக்களை என் முன்னால் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். நான் குறி போட்டேன். வெளியே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். "முடிச்சிட்டேம்பா" என்று கத்திவிட்டு ஓடினேன். முடித்தேனா என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பன்னிரண்டையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். சில நாள் பன்னிரண்டு வரும். சில நாள் வராது.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஒட்டுப்பால் மூட்டையோடு ஓடிய ஒருவரை அப்பா உப்பு என்று நினைத்துச் சுட்டார். போனது ஈயம். விழுந்தவர் எங்கள் லயத்திலேயே மூன்று வீடு தள்ளி இருந்த மாமா. முழங்கால் சிதறிப்போனது.

அப்பா வீட்டுக்கு ஓடிவந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாமியே கும்பிடாத அப்பா, தோட்டாப் பையைப் பிடித்தபடி நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பையோடு ஆபீஸுக்குப் போனார். செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வீட்டில் அடைத்த தோட்டா என்று வெளியே தெரிந்தால் மேனேஜருக்கும் வினை. போலீஸுக்குப் போகாமல் ஆபீஸிலேயே விசாரித்து முடித்தார்கள். பையிலிருந்த தோட்டாக்களை மேசையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். ஈயம் இருந்த எல்லாவற்றிலும் சிவப்பு இருந்தது. "செவப்பப் பாத்துட்டுத்தானே சுட்ட?" என்று கணக்கெழுதுகிற கிராணி கேட்டாராம். அப்பா வாயே திறக்கவில்லையாம். மருந்தைக் கொட்டிவிட்டு, கூட்டையும் அட்டையையும் அவர் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜாகா வேலை போனது. மாமா ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். லயத்துச் சிமெண்டு வாசலில் டொக், டொக் என்று அது வரும்போதெல்லாம் அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விடுவார். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

மாமா இப்போது லகாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். அப்பாவின் சாவுக்கு வந்தார். எல்லோரும் வாய்க்கரிசி போட்டபோது அவர் மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு தள்ளியே நின்றார். "தெரிஞ்சே சுட்டவனுக்கு நான் அரிசி போட மாட்டேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

டின்னின் அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த அட்டைகள் இருந்தன. மேசையில் பரப்பினேன். பதினொன்று. சுட்டதோடு ஒன்று போயிருக்கும், கணக்குச் சரி. பதினொன்றிலும் சிவப்பு. அப்படியானால் போன ஒன்றிலும் போட்டிருப்பேன். நான் விடவில்லை. அப்பாதான் பார்க்காமல் எடுத்துவிட்டார். எத்தனை வருடத்துச் சுமை! வாய்விட்டே அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

கண்ணைத் துடைத்தபோது விரல் சிவந்திருந்தது. கிரேயான் விரலில் ஒட்டாது. ஒவ்வொரு அட்டையாகத் தேய்த்துப் பார்த்தேன். பத்து அட்டைகளில் சிவப்பு ஒட்டவில்லை. பதினொன்றாவதில் ஒட்டியது. மெழுகில்லாத, எண்ணெயில் குழைத்த சிவப்பு. அதில் ஒரு விரல் ரேகை, பெரிய ஆளின் ரேகை. மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அம்மாவின் குங்குமம். சாமி படத்துக்குக் கீழே விளக்கெண்ணெயும் குங்குமச் சிமிழும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

நான் இரண்டை விட்டிருக்கிறேன். ஒன்று மாமாவின் காலுக்குப் போனது. இன்னொன்று பையில் இருந்தது. தூக்கிப் பார்த்தாலே ஈயம் எது, உப்பு எது என்று அப்பாவின் கைக்குத் தெரியும். சுடுவதற்கு முன்னால் அவர் தூக்கிப் பார்க்கவில்லை. என் குறியை நம்பினார். சுட்ட பிறகுதான் தூக்கிப் பார்த்திருக்கிறார். குறியில்லாத அந்த ஒன்றை மேசையில் வைத்திருந்தால், தெரியாமல் நடந்தது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். யார் குறி போட்டது என்றும் கேட்டிருப்பார்கள்.

நாலு மணிக்கு டின்னைப் பாலாயில் ஒப்படைத்தோம். அந்த ஒரு அட்டையை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். வெறும் அட்டைக்கு எந்த லைசன்ஸும் வேண்டாம். காரில் வரும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை. "நாளைக்கு லகாட்டுக்குப் போலாம்" என்றார்.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அட்டையை அவர் கையில் வைத்துச் சொல்லி முடித்தேன். அவர் கட்டை விரலால் அதைத் தேய்த்தார். விரல் சிவந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா அவன்," என்றார். "இத்தன வருசமா ஒங்கப்பனத் திட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப யாரத் திட்டுறது?"

"என்னத் திட்டுங்க மாமா."

நிமிர்ந்து பார்த்தார். நாற்பது தாண்டி நரைத்து நிற்கிற என்னைத்தான் பார்த்தார்.

"ஒம்பது வயசுப் புள்ளைய எப்படிம்மா திட்டுறது?" என்று சொல்லிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு டொக், டொக் என்று உள்ளே போனார்.