குடுவைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

ஜெர்மனியில் தினமும் காலையில் என் முதல் வேலை கேன்சருக்குச் சாப்பாடு போடுவது. ஆய்வகத்தில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குடுவைக்குள் கேன்சர் செல்களை உடம்புச் சூட்டில் வைத்து, சத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். வளர்ந்தால்தான் மருந்து போட்டுக் கொன்று பார்க்க முடியும். இது பாகூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் புரியவே இல்லை. "ஊரே அத்த ஒழிக்கணும்னு கும்புடுது, நீ பிளேன் ஏறிப் போயி வளக்குறியா? இன்னா படிப்புடி இது!"

எந்த மருந்துக்கும் சாகாத ஒரு வகைச் செல்லை மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வளர்த்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பேராசிரியர் குழுவிடம் அதைக் காட்டினால்தான் படிப்பைத் தொடர முடியும். அந்த நேரம் பார்த்து, கூடப் படிக்கும் மத்தியாஸ் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்ன கொழுகொழுன்னு வளர்ந்திருக்கு!" என்றான். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை இப்படிச் சொன்னால் சாயங்காலமே மிளகாய் சுற்றிப் போடுவார்கள். என் தம்பியின் குழந்தைப் படங்களில் அவனைவிடக் கன்னத்துப் பொட்டுதான் பெரிதாகத் தெரியும். இங்கே மிளகாய் சுட்டால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அதனால் கறுப்பு மார்க்கரால் குடுவை மூலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். சிரிக்காதீர்கள், பயம் வந்தால் எல்லாரும் பாகூர்தான்.

மறுநாள் குடுவையைக் காணோம். கறுப்புப் புள்ளி வைத்தால் "வேலை முடிந்தது, கொட்டிவிடலாம்" என்று அர்த்தமாம். சுவரில் ஜெர்மனில் ஒட்டியிருந்த அந்த விதியை நான் படித்ததே இல்லை. ஒழுங்குக்குப் பேர்போன மத்தியாஸ் பிளீச் ஊற்றிக் கொட்டியிருந்தான். கண் படாமலிருக்க வைத்த பொட்டு என்று சொன்னதும் முகம் வெளுத்து, "அப்போ என் கண்தானா?" என்றான்.

"உன் கண்ணேதான், பாவி!"

வீடியோவில் அம்மாவிடம் அழுதேன். "எல்லாம் செத்துப்போச்சும்மா."

"கேன்சரா? தாயே, நல்லதாப் போச்சு!" என்றவள், நான் ஓயாமல் அழுவதைப் பார்த்து, "சரி அழுவாத, அம்மன்கிட்ட சொல்றேன்" என்றாள்.

நல்லவேளை, அதே செல்களை முன்பு உறைய வைத்த குழாய் ஒன்று மிச்சமிருந்தது. அதை உருக்கி, புதுக் குடுவையில் மறுபடி வளர்த்தோம். அதன்பின் மத்தியாஸ் என் குடுவையைக் கடக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தே நடந்தான், இரண்டு முறை கதவில் முட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா அம்மன் கோயிலிலிருந்து வீடியோவில் வந்தாள். "யாரு பேருக்குமா அர்ச்சனை?" என்று அர்ச்சகர் கேட்பது காதில் விழுந்தது.

"கேன்சருக்கு சாமி. எம்பொண்ணோடது. நல்லா வளரணும்."

அவர் கையில் தட்டு அப்படியே நின்றது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எப்டி இருக்குது?" என்றாள் அம்மா. குடுவை நிறைந்திருந்தது. "சுமார்தாம்மா" என்றேன். "கேக்கிறவங்க எல்லாருக்கும் அப்டியே சொல்லு" என்றாள். மத்தியாஸுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.

மதியம் குழுத் தலைவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்து, முகமெல்லாம் மலர, "ஆகா, எவ்வளவு..." என்று ஆரம்பித்தார்.

மூலையில் கண்ணை இறுக மூடி நின்ற மத்தியாஸ் தமிழில் கத்தினான்: "சுமார்தான்!"