எழுதாமல் விட்ட சுரம்

பதுளையில் எங்கள் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடிவந்தவன் நான். தம்பி இறந்த மழைக்காலத்தோடு அது நின்றது.

பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவன் குடியிருந்தான். மழை அளவு மீறினால் மண்சரிவை எச்சரிக்கும் கருவி ஒன்றை அவன் வீட்டில் பொருத்தியிருந்தார்கள். அன்று மாலை அவன் தொலைபேசியில் பேசியபோது, பின்னால் அது இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"கேக்குதா அண்ணே? உங்கள விட சுதி சுத்தமா பாடுது."

"வெளையாடாத. மொதல்ல வெளிய போடா."

"போறேண்ணே. மாட்ட அவுத்துவிட்டுட்டு..."

மலை இறங்கியது. இணைப்பு அறுந்தது. பசறை டவுனுக்குப் போயிருந்த அவன் மனைவி பிழைத்தாள். இப்போது எங்களோடு இருக்கிறாள். அந்தக் கருவியின் ஒலி என் வலச் செவிக்குள் குடிபுகுந்தது.

மருத்துவர் அதை நரம்புக் கோளாறு என்றார். எனக்கோ அது, என் ஆதார சுரமான சட்சமத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் நடுவே, எதிலும் சேராமல் நிற்கும் ஓர் ஒலி. சுருதிப்பெட்டியை வைத்ததும் இரண்டும் உரசும். இறைவன் திருநாமமே என் வாயில் பிசகி ஒலிக்கும். அந்த வாயோடு சந்நிதியில் நிற்க அஞ்சினேன்.

ஆதார சுருதியே இல்லாத இசை ஒன்று மேலைநாட்டில் உண்டென்று அறிந்தது அப்போதுதான். பன்னிரண்டு சுரங்களும் அதில் சமம்; எல்லாம் ஒலித்து முடியும்வரை ஒன்றும் மீண்டும் வராது. தலைவனற்ற அந்தச் சபையில் என் செவியின் ஒலி எதற்கும் பகையாகாது என எண்ணினேன். கொழும்பில் இசை படித்த ஹாலிஎல ஊர்ப் பெண் ஒருத்தி கைப்பேசி வழியே கற்பிக்க இசைந்தாள். நான் எழுதியதை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினால் சிரிப்பாள்.

"ஐயா, மறுபடியும் வீட்டுக்கு வந்துட்டீங்க. கடைசியா சட்சமத்துல போயி உக்காந்துட்டீங்க பாருங்க."

"வெரல் தானா போகுதும்மா."

"அப்ப வெரலக் கட்டிப் போடுங்க."

பண் எங்கு அலைந்தாலும் ஆதாரத்திற்கு மீளும், உயிர் திருவடிக்கு மீள்வதுபோல. அப்படியே நம்பி வளர்ந்தவனுக்கு, மீளாத சுரங்களை எழுதுவது நாத்திகம் பேசுவதுபோல் கூசியது. அவற்றை எழுதும்போதெல்லாம் கூரையோடு புதைந்த அந்த லயமும் கண்முன் வந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. செவியின் ஒலி ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் இல்லை. அதற்கு நெருங்கிய கட்டையை அழுத்தினால் பொய்யாக இருந்தது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அப்ப அத எழுதாதீங்க ஐயா. அதோட நேரத்த மட்டும் சும்மா விட்டுடுங்க. உங்களுக்குத்தான் கேக்குதே."

அவ்வாறே பதினொரு சுரங்களும் ஒரு மௌனமுமாக எழுதினேன். வீட்டில் வாசித்தபோது தம்பி மனைவி அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மௌனம் வந்த இடத்தில் அவள் கை நின்றது.

"மாமா, அங்க என்ன?"

"ஒரு சத்தம். எனக்கு மட்டுந்தான் கேக்கும்."

"அந்த மழைப் பெட்டிச் சத்தமா?"

தலையசைத்தேன். முந்தைய மழைகளிலும் அது அடித்ததுண்டு, அவளும் கேட்டிருக்கிறாள்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். அந்த இடம் வந்ததும் அவள் வாய் திறவாமல் முனகினாள். எந்தக் கட்டைக்கும் அடங்காத அதே ஒலி, மயிரிழையும் பிசகாமல். செவிக்குள் மட்டும் இருந்தது அறைக்குள் வந்து நின்றது. அதன்பின் அதைப் பிழையென்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

அடுத்த வெள்ளி அவளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றேன். சுருதிப்பெட்டியை வைத்தார்கள். இரண்டும் உரசின. இசையட்டும் என்று காத்திராமல் பதிகத்தைத் தொடங்கினேன். சுருதி பிசகியது, முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஆயினும் கடைசிப் பாட்டுவரை வந்தேன்.

நான் பாடி முடித்தேன், செவியின் ஒலி முடிக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். தீபாராதனை முடிந்து எல்லோரும் நகர்ந்த பின்னும், அவள் கண் திறக்காமல், அதையே கேட்பவள்போல் அங்கேயே நின்றிருந்தாள்.